‘ஒன்றும் இல்லை’ என்ற சொல்லும் எரியும் பாதங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் கால் எரிச்சல், மதமதப்பு பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாதம் எரிந்தால் முதலில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததில் எனக்கு மாறுபாடு இல்லை. நம் மாநிலத்தில் நீரிழிவு பரவியிருக்கும் அளவுக்கு அப்படித்தான் எழுதவும் வேண்டும். ஆனால் சர்க்கரையும் சரி, தைராய்டும் சரி, எடுத்த சோதனைகள் எல்லாமே சரி என்று வந்த பிறகும் இரவெல்லாம் கால் காந்துகிறவர்கள் என்ன செய்வது என்பதைக் கட்டுரை தொடவில்லை. அந்த வகையினரில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

தென்காசி மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் காசாளராக இருக்கிறேன். வயது 53. 2022 ஆடி மாதத்தில் ஒரு நாள், வலது காலின் பெருவிரலுக்கு அடியில் மணல் ஒட்டியிருப்பது போல உறுத்தியது. செருப்பைக் கழற்றித் தட்டினேன், மணல் இல்லை. பாதத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த இல்லாத மணல் அங்கேயே இருந்தது. சில வாரங்களில் இரண்டு பாதங்களிலும் எரிச்சல் தொடங்கியது. மிளகாய் அரைத்த கையைக் கழுவினாலும் மறுநாள் வரை விடாமல் காந்துமே, அந்தக் காந்தல்தான். தொட்டுப் பார்த்தால் மட்டும் பாதம் சில்லென்று இருக்கும். பகலில் வேலை ஓட்டத்தில் பாதி மறந்துபோகும். இரவு விளக்கை அணைத்துப் படுத்தால் அதுவும் கூடவே வந்து படுத்துக்கொள்ளும். போர்வை பட்டாலே எரியும் என்பதால் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கவிழ்க்காமல் நிறுத்தி, அதன் மேல் போர்வையை விரித்து, அடியில் காலை நீட்டிக்கொள்ளப் பழகினேன். மருத்துவமனைகளில் இதற்கென்றே கட்டிலில் பொருத்தும் வளைவுச் சட்டம் உண்டு என்று பிறகு அறிந்தேன்.

மறு ஆண்டு, எரிச்சல் முழங்காலை நெருங்கிய நேரத்தில், விரல் நுனிகளில் எறும்பு ஊரத் தொடங்கியது. காசாளருக்கு விரல் நுனிதான் தொழில். நுனிகள் வறண்டு வழுவழுப்பாகி, ஈரப்பஞ்சைத் தொட்டுத் தொட்டு எண்ணினாலும் இரண்டு தாள்கள் ஒன்றாக நழுவின. ஒரு மாலை கணக்கு முடிக்கும்போது 500 ரூபாய் குறைந்தது. கைப்பணத்தைப் போட்டு நேர் செய்துவிட்டு, அன்றிரவுதான் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த எட்டு மாதங்களில் மூன்று மருத்துவமனைகள். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, தைராய்டு, பி12, சிறுநீரகம், கல்லீரல், முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ., பிறகு ‘கரண்ட் வைத்துப் பார்ப்பது’ என்று நம் மக்கள் சொல்லும் நரம்புக் கடத்தல் சோதனை. எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று சற்றே பிதுங்கியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோரின் படத்தில் இப்படி ஏதாவது இருக்கும் என்றும், இரு பாதங்களும் ஒரே அளவில் எரிவதற்கு அது காரணமாக முடியாது என்றும் சொன்னார்கள். மற்றவை எல்லாம் இயல்பு. கடைசியாகப் பார்த்த தனியார் மருத்துவமனையில் மருத்துவர் கோப்பை மூடிவிட்டு, “உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனதைத் தளர விடாதீர்கள்” என்றார். கீழே விழுந்த குழந்தையைத் தூக்கி “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை” என்று முதுகில் தட்டிக்கொடுக்கிற ஊர் நம்முடையது. அவரும் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு வரும்போது வேறாகிவிடுகிறது. “டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே” என்று என் கணவர் ஒரு முறைதான் சொன்னார். அதற்குப் பிறகு எரிகிறது என்று வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சமாகிவிட்டது. அலுவலகத்தில் ‘எல்லாம் மனசுதான்’ என்றார்கள். மாமியார் உடம்புச் சூடு என்று உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார். அவர் ஒருவர்தான் எரிச்சல் உண்மை என்பதை ஒப்புக்கொண்டவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இதற்கு ஒரு விடை, ஒரு அரசு மருத்துவமனையில், இருபது நிமிடத்தில், பணமின்றிக் கிடைத்தது. அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் என் கோப்பைப் பிரிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இசைக்கவையைத் தட்டி பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னார், சரியாகச் சொன்னேன். பஞ்சால் தொட்டார், தெரிந்தது. பிறகு அதே இசைக்கவையைத் தட்டாமல், அதன் உலோகத்தை நெற்றியில் வைத்தார், ஜில்லென்றிருந்தது. தொடையில் வைத்தார், ஜில்லென்றிருந்தது. கணுக்காலுக்குக் கீழே வைத்தபோது ஏதோ ஒன்று தொடுகிறது என்று தெரிந்ததே ஒழிய, அது குளிர்ந்ததா வெதுவெதுப்பானதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு குண்டூசியின் முனையையும் தலையையும் மாற்றி மாற்றி வைத்து எது கூர் என்று கேட்டார். முழங்காலில் பத்துக்குப் பத்தும் சொன்ன நான் பாதத்தில் பாதிக்கு மேல் தவறவிட்டேன். எட்டு மாதங்களில் ஒரு மருத்துவர் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த வகையில் தருகிறேன். நரம்பு என்பது ஒற்றைக் கம்பி அல்ல. தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் சேர்ந்த கற்றை. தொடுகையையும் அதிர்வையும் மேலே கொண்டு செல்லும் தடித்த இழைகளில் செய்தி விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எரிச்சல், வலி, சூடு ஆகியவற்றைச் சுமக்கும் மிக மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கிறது. மெல்லிய இழைகள் பழுதுபட்டிருந்தால் அதன் காகிதத்தில் எல்லாம் இயல்பு என்றே வரும். வியர்வையைக் கட்டுப்படுத்துவதும் அந்த மெல்லிய இழைகளே என்பதால், என் விரல் நுனிகள் வறண்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகவே கோளாறு அங்கே தொடங்கிக் காலுறை போல மேலேறி, பிறகு கையுறை போல விரல்களுக்கு வருகிறது. உறுதி செய்ய வேண்டுமென்றால் கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளைத்து எடுத்து, அதில் உள்ள நரம்பு முனைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வசதி பெருநகரங்களிலும் சில இடங்களில்தான் உண்டு.

காரணம் என்ன என்று கேட்டேன். “தெரியவில்லை. இன்னும் ஓரிரண்டு பார்ப்போம். அப்போதும் தெரியாமல் போகலாம்” என்றார். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையையும் செய்தோம். அதில் 140 முதல் 199 வரை வந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, அந்த நிலையிலேயே சிலருக்குக் கால் எரிவதுண்டாம். எனக்கு அதுவும் இயல்பு. இப்படித் தேடித் தேடியும் காரணம் அகப்படாதவர்கள் நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் கால்வாசிப் பேராவது இருப்பார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, துக்கத்தால் அல்ல. அத்தகையோருக்கு நோய் பெரும்பாலும் மெதுவாகவே நகரும், நடமாட்டமே நின்றுபோவது அரிது என்றும் சொன்னார். ‘ஒன்றும் இல்லை’ என்பது நோயாளியைப் பற்றிய தீர்ப்பு. ‘தெரியவில்லை’ என்பது மருத்துவத்தைப் பற்றிய ஒப்புதல். முன்னதைக் கேட்டு வந்த எட்டு மாதங்களில் நான் என்னையே ஐயப்பட்டேன். பின்னதைக் கேட்ட அன்று எரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை, ஆனாலும் உறங்கினேன்.

தெரியாமல் இருப்பது நிலையானதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரின் சிறை முகாம்களில் அரைப்பட்டினி கிடந்த போர்க்கைதிகள் பலர் எரியும் பாதங்களோடு இரவைக் கழித்தார்கள். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன் 1946இல் இதே எரிபாதம் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை, இது பி வகை வைட்டமின்களில் ஒன்றின் குறைவால் வருவது என்ற கருத்தை முன்வைத்தது. இன்றும் மருத்துவ அகராதிகளில் எரிபாத நோய்க்குறிக்கு அவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. நேற்றுவரை ‘சூடு’ என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியதால் பெயர் கிடைத்தது.

உட்கார்ந்து கேட்பது என்றதும் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த உணர்வுகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. மதமதப்பு, மரத்துப்போதல், காந்தல், எரிச்சல், குறுகுறுப்பு, சுருக்கென்று குத்தல், பூச்சி ஊர்தல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற தள்ளாட்டம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. உறுப்பு மரத்துப்போவதைத் ‘திமிர்’ என்றும் சொல்வோம்; செருக்குக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டது, உணர்ச்சியற்றுப் போனதுதான் இரண்டுக்கும் பொது என்பதாலோ என்னவோ. கிராமத்துப் பெண் ஒருத்தி “பாதம் காந்துது, ஆனா குத்தினா தெரியலை” என்று சொல்லும்போது மெல்லிய இழைக் கோளாற்றின் இலக்கணத்தையே சொல்லிவிடுகிறாள். சீட்டில் அது ‘நியூரோபதி’ என்ற ஒற்றைச் சொல்லாக, பெரும்பாலும் ஒரு கேள்விக்குறியோடு, சுருங்கிவிடுகிறது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் ஒரு வரி எழுதிவைத்தால் அடுத்த மருத்துவருக்கு அது எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததல்ல.

நம்மிடமும் தவறு இருக்கிறது. கால் மரத்தால் நேராக மருந்துக் கடைக்குப் போய் ‘நரம்பு மாத்திரை’ கேட்பதும், தெரிந்த இடத்தில் சிவப்பு ஊசி போட்டுக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. அந்தச் சிவப்பு பி12 வைட்டமினின் நிறம். குறைவு உள்ளவர்களுக்கு, முக்கியமாகச் சைவ உணவினருக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கும், அது அருமருந்து. ஆனால் சோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஊசியைப் போட்டுக்கொண்டால், குறைவு இருந்ததா என்பதைப் பிறகு எந்தச் சோதனையும் தெளிவாகச் சொல்லாது. நானும் அதைச் செய்தேன்; என் பி12 அளவு 900ஐத் தாண்டி வந்ததற்கு அதுதான் காரணம், அதனால் அந்த ஒரு கதவு எனக்கு அடைபட்டுவிட்டது. இன்னொன்று, பி6. காசநோய் மாத்திரை உண்பவர்களுக்கு நரம்பு கெடாமல் காப்பதற்காகச் சிறிய அளவில் தருவது இந்த வைட்டமினைத்தான். அதையே மிகையான அளவில் மாதக்கணக்கில் உட்கொண்டவர்களுக்கு நரம்பு கெட்டு, நடையே தள்ளாடியதை 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சத்து மாத்திரைதானே, தீங்கு செய்யுமா என்று இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் அட்டையின் பின்புறத்தைப் படிக்க வேண்டும்.

எரிச்சல் இல்லாத மதமதப்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தோலில் நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டதாக நாடு அறிவித்தது. அந்த அறிவிப்பை ‘ஒழிந்துவிட்டது’ என்று பலர் புரிந்துகொண்டார்கள். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் புதிதாகக் கண்டறியப்படுகிறது. கூட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசம். தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் ஊனமின்றிக் குணமாகும். வலிக்காததால்தான் யாரும் காட்டுவதில்லை. வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அக்காலத்திலேயே எடுத்துக்காட்டியது இதுதான்: தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடு பட்டும் காயம் பட்டும் கவனிக்கப்படாமல் அழிகின்றன. இன்று நீரிழிவு நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு, தொழுநோயாளிகளின் பாதங்களைக் காப்பதற்காக நம் மாநிலத்தில் பெரிதும் வளர்த்தெடுக்கப்பட்ட ஒன்று.

மருந்தைப் பொறுத்தவரை, எரிச்சலைத் தணிக்க மருந்துகள் உண்டு. மதமதப்பை நீக்க இல்லை. இந்த வேறுபாட்டை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், எரிச்சல் பாதியாகக் குறைந்த பிறகும் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடுகிறோம். பாதி குறைவதே வெற்றி என்று எனக்கு முதலிலேயே சொல்லப்பட்டது. அந்த அரசு மருத்துவர் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தார். அதை வாங்கும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “இது மனச்சோர்வுக்கான மாத்திரை, தெரியுமா?” என்றார். நான் மருத்துவரிடம் திரும்பிப் போய்ச் சண்டை போடாத குறை. அவர் பொறுமையாக, மனச்சோர்வுக்கு இதைப்போல் பல மடங்கு தர வேண்டும், இந்தச் சிறிய அளவு நரம்பின் கூச்சலை அடக்குவதற்கு என்று விளக்கினார். அந்த ஒரு வாக்கியத்தைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் மாத்திரையைக் குப்பையில் போட மாட்டார்கள். கபாபென்டின், பிரிகாபலின் போன்றவையும் இதற்குத் தரப்படுகின்றன. தலைசுற்றல், பகல் தூக்கம், கால் வீக்கம் வரக்கூடும், திடீரென நிறுத்தவும் கூடாது என்பதால் பக்கத்து வீட்டாரின் சீட்டைப் பார்த்து வாங்கி உண்ணத்தக்கவை அல்ல.

சில அறிகுறிகள் மட்டும் காத்திருக்க இடம் தராதவை. உடலின் ஒரு பக்கம் திடீரென மரத்தாலும், பாதத்தில் தொடங்கிய குறுகுறுப்பு ஓரிரு நாளில் மேலேறிக் கால் துவண்டாலும், உட்காரும் இடம் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2025 ஜனவரியில் புனேயில் பலரைத் தாக்கிய கில்லன் பாரே என்ற நரம்பு நோய் இரண்டாவதாகச் சொன்ன வகைதான்.

என்னைப் போன்றவர்களின் அன்றாடம் இப்போது சிறு சிறு முன்னெச்சரிக்கைகளால் ஆனது. குளிக்கும் நீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கிறேன். எரிகிறது என்று பனிக்கட்டியில் காலை வைப்பதை விட்டுவிட்டேன். சூடு தெரியாத பாதத்துக்குக் குளிரின் கேடும் தெரியாது. இரவு படுக்குமுன் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். சென்ற சித்திரையில் நண்பகல் நேரத்தில் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்துவிட்டு, இரவில் கண்ணாடியில் பார்த்தபோதுதான் இடது குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம் இருந்தது தெரிந்தது. உடன் வந்தவர்கள் கல் சுடுகிறது என்று ஓடியதும், நான் மட்டும் நிதானமாக நடந்ததை ஒருவர் பக்தி என்று பாராட்டியதும் அப்போது நினைவுக்கு வந்தன.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதோடு, ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் எல்லோருக்கும் வழக்கமாக்க வேண்டும். ஓர் இசைக்கவை, தொடுவுணர்வைச் சோதிக்கும் ஒரு நைலான் இழை, ஒரு குண்டூசி, கொஞ்சம் பஞ்சு, இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. குண்டூசியை ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டால் போதும்.

இரண்டாவது, கேட்பதற்குச் சிறியது. நம் ஊர்களில் பெரும்பாலான மருத்துவமனைகளின், பரிசோதனைக் கூடங்களின் வாசலில் ‘செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்ற பலகை இருக்கிறது. நான் ஏறி இறங்கிய மூன்று மருத்துவமனைகளில் இரண்டில், நரம்பியல் பிரிவின் வாசலிலேயே அது இருந்தது. காலில் உணர்வில்லாதவர்கள் நாள் முழுவதும் வந்துபோகும் இடத்தில், கீழே கிடக்கும் ஊசி முனையோ கண்ணாடித் துணுக்கோ ஏறினாலும் எங்களுக்குத் தெரியாது. கடந்த வாரம் மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டி, துடைத்த செருப்போடு வரட்டுமா என்று காவலரிடம் கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “கழட்டித்தாம்மா ஆகணும்” என்றார்.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்கக் காசாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)